கடைமடை எலும்பு

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, சுளுக்குதான்." காஞ்சிபுரத்தில் வண்டி சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தவர் இந்தப் பேச்சைக் கேட்டதும் நிம்மதியாகிவிடுவார். சிலர் படத்தைச் சுருட்டிக்கொண்டு புத்தூர் கட்டுக்குப் பேருந்து ஏறுவார்கள். மூங்கில் பத்தை வைத்த கட்டு வலியைக் குறைக்கும். குறைந்ததும் குழித்தறியில் இறங்கிவிடுவார்கள். மாதங்கள் போனபின் ஒருநாள் நாடா எறிகையில், கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று தைக்கும்.

அங்கே முறிந்திருப்பது, மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் படகு வடிவில் இருக்கும் ஸ்கேஃபாய்ட். அதற்குப் போகும் ரத்தத்தில் 70 முதல் 80 விழுக்காடு விரல் பக்கமாக நுழைந்து முழங்கை நோக்கித் திரும்பி ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத் துண்டுக்கு வாய்க்காலின் கடைமடை கதிதான். மற்ற எலும்புகள் கூடும் காலத்தில் இது கூடாமல் நிற்பது அதனால்தான்.

1895-இல் ராண்ட்ஜன் எடுத்த புகழ்பெற்ற எக்ஸ்ரே அவர் மனைவியின் கை. கையில் புகழ் பெற்ற கருவி, கையிலேயே ஏமாறுகிறது! எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நிழலில் மயிரிழை விரிசல் தெரியாது. தேர்ந்த மருத்துவர் படத்தை மட்டும் நம்பாமல், பொடி போடுபவர்கள் பொடி வைக்கும் அந்தக் கட்டைவிரல் குழியை அழுத்துவார். வலித்தால் முறிவென்றே கொண்டு மாவுக்கட்டுப் போட்டு, 10-14 நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்வார். தறி நின்றால் கூலியும் நிற்கும் ஊரில் அந்த இரண்டாவது படத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான். அதற்கு எக்ஸ்ரே குழாயைக் குறைசொல்லிப் பயனில்லை.

கூடிவிட்டதா என்று சொல்வதிலும் எக்ஸ்ரே தடுமாறும். 12 வாரப் படங்களைப் பார்த்த மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை என்று 1988-இலேயே பிரிட்டனின் டயாஸ் குழுவினர் காட்டினார்கள். சி.டி. ஸ்கேன் இங்கே பலமானது: இடைவெளி, எலும்புப் பாலம், முறிந்த துண்டுகள் மடங்கி விழுந்த கூன் எல்லாம் தெளியும். ஆனால் எலும்பின் நீள அச்சை ஒட்டி மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும். 'ரிஸ்ட் சி.டி.' என்று மட்டும் சீட்டில் எழுதி அனுப்பினால், செலவுக்கேற்ற பதில் வராமல் போகலாம்.

ரத்தம் எட்டாத அந்த முழங்கைப் பக்கத் துண்டு உயிரோடு இருக்கிறதா? அதற்கு எம்.ஆர்.ஐ. என்கிறார்கள். விழுந்த சில நாளில் மறைந்த முறிவைப் பிடிக்க அதற்கு நிகரில்லை. பழைய முறிவில் அவ்வளவு உறுதி கிடையாது: மஜ்ஜை கறுத்துத் தெரிந்தும் உயிருள்ள எலும்பு உண்டு, காடோலினியம் ஊசி போட்டு எடுப்பதால் துல்லியம் கூடுகிறதா என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. ஏற்கெனவே திருகு வைத்த கையென்றால் உலோகத்தைச் சுற்றிப் படமே கலங்கும்.

ஆகவே ஸ்கேன்களெல்லாம் சுவரில் ஒளிர, அறுவை மேசையில் பழைய சோதனை ஒன்று நடக்கிறது. கையில் இறுக்கிய பட்டையைத் தளர்த்திவிட்டு, சுரண்டிய எலும்பில் ஊசிமுனை அளவுக்கு ரத்தப் புள்ளிகள் துளிர்க்கின்றனவா என்று மருத்துவர் குனிந்து பார்க்கிறார்.