கிட்டாரைச் செய்த கைகள்

டெல்லியில் கிட்டார் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் கலமாசூவுக்கு வந்து சேரும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் ஊர் அது. 1902-ல் அங்கே தொடங்கிய கிப்சன் நிறுவனம் 1917 முதல் பார்சன்ஸ் தெருவில் பெரிய தொழிற்சாலை ஒன்றை நடத்தியது. 1922-ன் எல்-5, 1952-ன் லெஸ் பால், 1958-ன் இ.எஸ்-335 எல்லாம் அந்தக் கூரையின் கீழ் பிறந்தவை. 1984 செப்டம்பரில் அதை மூடினார்கள்; வேலை நாஷ்வில் ஆலைக்குப் போயிற்று. அந்த ஊரைக் கண்ணால் கண்டிராதவர்கள்கூட, பழைய கிப்சன் ஒன்று கைக்கு வந்தால் முதலில் கேட்பது, "இது கலமாசூவில் செய்ததா, நாஷ்வில்லில் செய்ததா?" என்றுதான்.

பழம்பொருள் சேர்ப்பவர்களின் மோகம் என்று இந்தக் கேள்வியை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் ஒரு நல்ல ரசனை இருக்கிறது. கிட்டாரில் நாம் கேட்பது மரத்தின் ஓசை மட்டும்தானா, அந்த மரத்தைப் பல வருடம் கையாண்ட ஒருவரின் பழக்கமும் அதில் சேர்ந்து ஒலிக்கிறதா என்பதே அது கேட்க நினைப்பது. சேர்ந்துதான் ஒலிக்கிறது என்பது என் நம்பிக்கை.

எல்-5 போன்ற ஆர்ச்டாப் கிட்டார் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். வயலினுக்குச் செய்வதுபோல் மேல்பலகையை வளைவாகச் செதுக்கும் யோசனை, நிறுவனத்துக்குப் பெயர் தந்த ஆர்வில் கிப்சனுடையது. தடித்த ஸ்ப்ரூஸ் பலகையைக் குடைந்து குடைந்து வளைவை வெளியே எடுக்க வேண்டும். நடுவில் தடிப்பு, ஓரத்துக்குப் போகப் போக மெலிவு. முரட்டு வேலையை இயந்திரம் செய்துவிடும். கடைசிச் சீவல் கைக்கு உரியது. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று இறுகியிருக்கும், மற்றது இளகியிருக்கும். விரல் முட்டியால் தட்டிக் கேட்டு, இங்கே இன்னும் கொஞ்சம், அங்கே போதும் என்று நிறுத்தத் தெரிய வேண்டும். நிறுத்தும் இடம் எந்த வரைபடத்திலும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு வருகிறது, அவர் பக்கத்தில் நிற்பவருக்குப் போகிறது.

இந்தக் கலமாசூ ஒலி நம் காதுக்குப் புதிதல்ல. ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா, உஸ்தாத் அலி அக்பர் கானிடம் பயின்றவர். அவர் வாசித்தது கிப்சன் சூப்பர் 400 என்ற ஆர்ச்டாப். கழுத்து முனையில் தந்திகளைத் தாங்கும் 'நட்' கட்டையை உயர்த்தி, சுருதிக்கு ஒரு தந்தி சேர்த்து, கிட்டாரைக் கிடத்தி, இரும்புத் துண்டால் தந்திமேல் வழுக்கி வாசிப்பார். சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் ஆகியவற்றோடு அந்தக் கிட்டார் சேர்ந்த 'கால் ஆஃப் தி வேலி' 1967-ல் வந்தது. சந்தூர் துளித்துளியாக விழுகிறது, குழல் மூச்சாக நீள்கிறது. இரண்டுக்கும் நடுவே கிட்டார் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இழுக்கும் மீண்டைக் கவனித்துக் கேளுங்கள். தட்டையான மேல்பலகை கொண்ட கிட்டாரின் ஒலி அகலமாகப் பரவும். ஆர்ச்டாப்பின் ஒலி சட்டென்று எழுந்து ஒரே கோட்டில் நிற்கும். இழுப்பின் ஒவ்வொரு படியும் தெளிவாகக் கேட்பதற்குச் செதுக்கிய பலகையும் ஒரு காரணம். அந்த வழியில்தான் விஸ்வ மோகன் பட் ஆர்ச்டாப் உடலில் சுருதித் தந்திகளும், கூடவே அதிர்ந்து ஒலிக்கும் தரப் தந்திகளும் பூட்டி மோகன வீணையை உருவாக்கினார்; ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்கு 1994-ல் கிராமி விருது பெற்றார். மிச்சிகனில் யாரோ ஒருவர் சீவி நிறுத்திய பலகை ராஜஸ்தானில் ராகம் பாடியிருக்கிறது.

அந்த யாரோ ஒருவரின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, கலமாசூவில் கிட்டார்களைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் காலக் கிட்டார்களின் இனிமையைப் பல பத்தாண்டுகள் எல்லோரும் புகழ்ந்தார்கள். செய்தவர்களை யாரும் தேடவில்லை. ஜான் தாமஸ் என்ற சட்டப் பேராசிரியர் உயிரோடு இருந்த சிலரைக் கண்டுபிடித்துப் பேசி, கிட்டார்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து, 2012-ல் ஒரு நூல் எழுதினார். ஒரு ரசிகர் ஒரு தொழிற்சாலைக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய மரியாதை அதுதான்.

மூடியபின் நடந்ததும் சொல்லத் தகுந்தது. 1974-ல் நாஷ்வில்லில் புதிய ஆலை திறந்ததிலிருந்தே கலமாசூவின் வேலை கொஞ்சம் கொஞ்சமாக அங்கே நகர்ந்துவிட்டது. கடைசியில் பழைய ஆட்களுக்கு நாஷ்வில் போவது அல்லது வேலையை விடுவது என்ற நிலை. ஜிம் டியூர்லூ, மார்வ் லாம்ப், ஜே.பி. மோட்ஸ் ஆகியோர் ஊரைவிட்டுப் போக மறுத்தார்கள். 1985-ல் அதே பார்சன்ஸ் தெருக் கட்டடத்தில், பழைய இயந்திரங்கள் சிலவற்றை வாங்கிப் போட்டு, ஹெரிடேஜ் என்ற பெயரில் மறுபடி கிட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். கம்பெனியின் பெயர் ஒரு பக்கம் போயிற்று, கைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஹெரிடேஜ் கிட்டாரைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் குரலில் வரும் அன்புக்குக் காரணம் இதுதான்.

டெல்லிக்காரர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். நம் நகரின் புகழ்பெற்ற இசைக்கருவிப் பட்டறையே வேறோர் ஊரில் கதவை மூடி இங்கே வந்ததுதான். பண்டிட் ரிக்கி ராம் 1920-ல் லாகூரில் தொடங்கிய கடை, தேசப் பிரிவினைக்குப் பின் டெல்லி கன்னாட் பிளேஸுக்கு வந்தது. லாகூரில் இருந்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வர முடிந்திருக்காது. ஜவாரி போடும் கை வந்துவிட்டது. சிதாரின் எலும்புக் குதிரையின் மேற்பரப்பை அரத்தால் நூலிழை அளவு சரித்துத் தேய்ப்பதே ஜவாரி. தந்தி அந்தச் சரிவை உரசி உரசி எழும்போதுதான் சிதாருக்குரிய ரீங்காரம் பிறக்கிறது. தம்பூராவில் நாம் 'ஜீவா' நூலை நகர்த்தித் தேடும் அதே நாதத்தை அங்கே அரத்தால் தேடுகிறார்கள். ஒரு தேய்ப்பு கூடினால் ஒலி கம்மிவிடும். 1965-ல் லண்டன் கடையில் வாங்கிய சிதாரை பீட்டில்ஸ் பாட்டில் வாசித்த ஜார்ஜ் ஹாரிசன், 1966 ஜூலையில் டெல்லிக்கு வந்தபோது நல்ல சிதார் தேடிச் சேர்ந்த இடம் ரிக்கி ராம். உலகப் புகழ் பெற்ற ஒரு கிட்டார்க் கலைஞரை வரவழைத்தது, லாகூரிலிருந்து பிழைத்து வந்த அந்த அரத்தின் நுட்பம்.

எல்லாக் கைகளுக்கும் இப்படி வாய்ப்பதில்லை. இன்று டெல்லி இளைஞர் பலரின் முதல் நல்ல கிட்டார் கோர்ட். அந்தத் தென்கொரிய நிறுவனம் 2007-ல் தொடங்கி, தன் நாட்டில் இஞ்சியோனிலும் டேஜானிலும் இருந்த ஆலைகளை மூடி, உற்பத்தியை இந்தோனேசியாவிலும் சீனாவிலும் வைத்துக்கொண்டது. வேலை இழந்த தொழிலாளர்களின் போராட்டம் 2019 வரை நீண்டது. தாங்கள் செய்து அனுப்பிய கருவியை வாசிக்கத் தெரியாதிருந்த சிலர், போராட்டத்தினூடே வாசிக்கக் கற்று ஓர் இசைக்குழுவே அமைத்தார்கள். டாம் மொரெல்லோ போன்ற கிட்டார்க் கலைஞர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். இந்தோனேசியக் கோர்ட் கிட்டார்கள் நன்றாகவே இருக்கின்றன, அவற்றைச் செய்யும் கைகளுக்கும் வணக்கம். ஆனால் கொரியாவில் கற்றுத் தேர்ந்த கைகளுக்கு வேலை இல்லாமல் போனது இசைக்கு நேர்ந்த நட்டம்.

நம் நாட்டுக் கிட்டாருக்கு வருவோம். 1940களில் கல்கத்தாவில் தங்கியிருந்த டாவ் மோ போன்ற ஹவாய்க் கலைஞர்களால் வங்காளத்தில் கிட்டார் வீட்டுக்கு வீடு புகுந்தது. சுனில் கங்குலியும் பட்டுக் நந்தியும் அதில் பாட்டையே பேச வைத்தார்கள். அந்தத் தேவையை நிறைவேற்றக் கல்கத்தாவில் கிட்டார்ப் பட்டறைகள் பெருகின. கிவ்சன், ஹோப்னர், கிப்டோன் என்ற பெயர்களோடு அவை நாடெங்கும் போயின. வெளிநாட்டுக் கிட்டார் எட்டாக்கனியாக இருந்த காலத்தில் டெல்லியின் கல்லூரி விடுதிகளிலும் தேவாலயங்களிலும் ஒலித்தவை அவைதான்.

அவற்றின் குறைகளை நான் அறிவேன். தந்தி உயர்ந்து நிற்கும், விரல் காய்த்துப்போகும். ஆனாலும் அந்த ஒட்டுப்பலகை உடல்களுக்கு ஓர் உறுதி உண்டு. டெல்லியின் மே மாத லூ என்ற அனல் காற்றில், முழுமர மேல்பலகை கொண்ட விலை உயர்ந்த கிட்டார் வறண்டு வெடிக்கும். கழுத்து மரம் சுருங்கி ஃபிரெட் முனைகள் விரலைக் கீறும். ஆகஸ்டில் ஈரம் குடித்து வயிறு புடைக்கும். கல்கத்தாக் கிட்டார் இரண்டையும் தாங்கி நிற்கும். நட்டைச் சீராகத் தேய்த்து, ஃபிரெட்டுகளைச் சமப்படுத்தி, நல்ல தந்தி பூட்டிக்கொடுக்க ஒருவர் கிடைத்துவிட்டால், நடு ஸ்தாயியில் கனிந்த ஒரு குரல் அதிலிருந்து எழும். பாட்டுக்குத் துணையாக வாசிக்க எனக்கு அந்தக் குரல் மிகவும் பிடிக்கும்.

1980களின் இறுதியில் ஃபெண்டரின் சன் மஸ்டாங் மின்கிட்டார்கள் இந்தியாவிலேயே தயாராகி வெளிநாடு போயின. சில ஆண்டுகளில் அதுவும் நின்றது. 1991-க்குப் பின் இறக்குமதி பெருகியதும் உள்நாட்டுக் கிட்டார் கடையின் பின்வரிசைக்குப் போய்விட்டது. நம்மிடம் மரம் இல்லாததால் இது நடந்துவிடவில்லை. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-ல் பிரேசில் மரத்தை விட்டு இந்திய ஈட்டி மரத்துக்கு மாறியது. கூடலூரிலும் வயநாட்டிலும் வளரும் ஈட்டி இனம்தான் உலகின் சிறந்த கிட்டார்கள் பலவற்றின் முதுகில் இருக்கிறது. மரம் இங்கே இருக்கிறது. காது இருக்கிறது. இந்தியன் ஓஷன், பரிக்ரமா இசைக்குழுக்களைத் தந்த டெல்லியில் வாசிக்கிறவர்களுக்கும் குறைவில்லை. மெலிந்துபோனது, செய்கிறவரிடமிருந்து கற்றுக்கொள்ளும் அடுத்த தலைமுறை மட்டுமே.

ஓர் ஆலை மூடிய செய்தி வந்ததும் ரசிகர்களில் பலர் பழைய கிட்டாரின் விலை ஏறுமா என்று பார்க்கிறார்கள். அதைச் செய்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவராவது விசாரிக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் கல்கத்தாக் கிட்டார் ஒன்று கிடந்தால் இறக்குங்கள். டெல்லியில் இருந்தால் தரியாகஞ்சிலோ கன்னாட் பிளேஸிலோ, சென்னையில் இருந்தால் உங்கள் தெருவுக்கு அருகிலோ, கையால் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுங்கள். பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். அவர் பெயரைக் கேட்டு, உங்கள் மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். அவருக்கு நாலு வேலை சேர்ந்தால் உதவிக்கு ஒரு பையனையோ பெண்ணையோ வைத்துக்கொள்வார். அந்த உதவியாள் கற்றுக்கொண்டால் இந்தத் தொழில் பிழைத்துவிடும்.