நான்கு வயதில் ஒரு நுழைவுத் தேர்வு

திறன்மிகு பிள்ளைகளுக்கான வகுப்புகளில் சேர, நியூயார்க் நகரம் 2008 முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்குப் பொதுத் தேர்வு வைத்தது. 90-ஆவது சதமானத்தை எட்டினால் வட்டார வகுப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம். 97-ஐ எட்டினால் நகர அளவிலான பள்ளிகளுக்கு. கல்வித் துறைத் தலைவர் ஜோயல் க்ளைனின் நோக்கம் நல்லதுதான். வட்டாரத்துக்கு ஒன்றாக இருந்த விதியை மாற்றி எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்தால், ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் வழி பிறக்கும் என்று நம்பினார். ஆனால் வசதியுள்ள பெற்றோர் பயிற்சி மையங்களுக்குப் படையெடுத்தார்கள். ஏழை வட்டாரங்கள் சிலவற்றில் ஒரு வகுப்பு திறக்கும் அளவுக்குக்கூடப் பிள்ளைகள் தேறவில்லை.

அந்தத் தேர்வு அறைக்குள் பெற்றோருக்கு இடமிருக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கேள்வியை ஒரே ஒரு முறை வாசிப்பார். குழந்தை படங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. காலையில் அழுத குழந்தை, புது முகத்தைக் கண்டால் வாயடைத்துப்போகும் குழந்தை, சன்னலில் புறாவைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை எல்லாமே அங்கே 'தவறான விடை'தான். இந்த வயதில் சில மாத வித்தியாசமும் பெரிது என்பதால் மதிப்பெண்ணை மாதக் கணக்கில் பிரித்துத்தான் ஒப்பிட்டார்கள். 2013-இல் மதிப்பெண் கணித்த பியர்சன் நிறுவனம் வயதைக் கணக்கிடுகையில் நாட்களை விட்டுவிட்டது. அதோடு வேறு சில பிழைகளும் சேர, தகுதி பெற்ற சுமார் 2,700 பிள்ளைகள் தேறவில்லை என்று முதலில் அறிவிக்கப்பட்டார்கள். பிழை நிறுவனத்துடையது. ஆனால் சில நாள் வித்தியாசத்தில் புரளக்கூடிய எண்ணை நம்பிப் பல ஆண்டுப் படிப்பை முடிவுசெய்தது நகரத்தின் தவறு.

வளர்ந்த பிள்ளைகளிடமே இந்த அளவுகோல் சறுக்கியிருக்கிறது. 1921-இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் திறன்மிகு பிள்ளைகளைப் பற்றித் தொடங்கிய ஆய்வு வடிகட்டி ஒதுக்கியவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் உண்டு. இருவரும் பின்னாளில் இயற்பியல் நோபல் பெற்றார்கள்.

அப்படியானால் எதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா? எல்லாம் போகப்போகச் சமமாகிவிடும் என்ற வாதத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு வயதில் கதைப்புத்தகத்தைத் தானே வாசிக்கும் குழந்தையை ஆண்டு முழுக்க எழுத்தின் மேல் எழுத்து வரைய வைத்தால், அதன் சலிப்பு சேட்டையாக வெளிப்படும். பள்ளி அதைக் கண்டிக்கும். எதைக் கவனிக்கிறோம் என்பதில்தான் நிதானம் வேண்டும். நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிப்பது பெரும்பாலும் வீட்டாரின் உழைப்பு. ஆப்பிளை நாலாக நறுக்கினால் ஆப்பிள் கூடுமா என்று கேட்டு, பதில் போதாமல் மறுநாளும் அதே கேள்வியோடு வருவது குழந்தையின் சொந்தச் சொத்து. அன்றாடம் கூட இருப்பவர் கண்ணில்தான் அது படும்.

ஆனால் அந்தக் கண்ணுக்கும் ஓரவஞ்சனை உண்டு. தேர்வு ஒப்பந்தத்தை நீட்டிக்க 2021-இல் கல்விக் குழு மறுத்ததும், நியூயார்க் நகரம் ஆசிரியரின் பரிந்துரை, குலுக்கல் ஆகியவற்றுக்கு மாறியது. பரிந்துரையை மட்டும் நம்பினால் யார் விடுபடுவார்கள் என்பதை ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டம் ஏற்கெனவே காட்டியிருந்தது. 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் முதற்கட்டச் சோதனை வைத்தார்கள். தகுதி வரம்பைத் தளர்த்தாமலே கறுப்பின, ஹிஸ்பானிய, ஏழைப் பிள்ளைகள் கணிசமாகக் கூடுதலாகச் சேர்ந்தார்கள். அதுவரை அவர்களை யாரும் பரிந்துரைக்கவில்லை.

நான்கு வயதுத் தேர்வை நியூயார்க் கைவிட்டது சரி. அந்த வயதில் ஆசிரியரின் கவனிப்பு, நாளை எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது என்று முடிவுசெய்யப் போதும். யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று தீர்க்கப் போதாது. 2022-இல் மூன்றாம் வகுப்புக்கு 1,000 இடங்களைக் கூட்டியது சரியான திசை. அங்கே ப்ரோவர்ட் அன்று செய்ததைப் போல ஒருவர் விடாமல் சோதிப்பதுதான் பாக்கி.