ஆனைமலைப் புனைவுகளில் காடு: கருப்பொருள் நோக்கில் ஒரு திறனாய்வு

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்திற்குச் சாலை வழியாகச் செல்வோர் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் எனத் தமிழ்நாட்டு நிலப்பகுதியைக் கடந்தே மீண்டும் கேரளத்தை அடைதல் வேண்டும். அங்குள்ள பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் நிற்கின்றன. அவற்றைப் பராமரிப்பது தமிழ்நாடு. தென்கிழக்கே வால்பாறைப் பீடபூமியைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்து இரவிகுளமும் சின்னாறும் மறையூரும் தொடர்கின்றன. ஆனைமலை என்னும் இவ்வொரு தொடரை ஆட்சி எல்லைகள் பிரித்துள்ளன என்பது பலரும் அறிந்தது. இதனை நிலைக்களமாகக் கொண்ட புனைவுகளும் இக்காட்டைப் பிரித்தே பார்க்கின்றன என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ் ஆகியவற்றோடு செய்தியையும் ஒரே நிரலில் வைக்கின்றது. செய்தி என்பது ஈண்டுத் தொழில். திணைக் கோட்பாட்டைச் சூழலியலோடு இணைத்து எழுதப்பெறும் கட்டுரைகள் பலவும் விலங்கு, மரம், பறவை ஆகிய மூன்றனை எடுத்துக்கொண்டு செய்தியை விட்டுவிடுகின்றன. அங்ஙனம் விடும்போது குறிஞ்சி வெறும் இயற்கைக் காட்சியாகச் சுருங்கிவிடுகின்றது. ‘எரியும் பனிக்காடு’ நாவலையும் ‘யானை டாக்டர்’ சிறுகதையையும் அருகருகே வைத்துப் படிக்க இக்கருத்து பெரிதும் துணைசெய்யும்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றித் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்த பி.எச்.டேனியல், ‘ரெட் டீ’ என்னும் ஆங்கில நாவலை 1969இல் வெளியிட்டார். இரா.முருகவேளின் தமிழாக்கம் 2007இல் வந்தது. தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மேஸ்திரியின் சொல்லை நம்பி மலையேறும் கருப்பனும் வள்ளியும் குளிரிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் சிக்கி, அடைக்க முடியாத முன்பணக் கடனில் கட்டுண்டு கிடப்பதே கதை. மூலத்தின் தலைப்பில் தேநீர் இருக்கின்றது, காடு இல்லை. காட்டைத் தலைப்பிற்குக் கொணர்ந்தவர் மொழிபெயர்ப்பாளர். இஃது அணிக்காகச் செய்த மாற்றம் அன்று. கரிசல் வட்டாரத்தில் காடு என்பது உழுது விதைக்கும் புன்செய் நிலத்தையும் குறிக்கும். காட்டு வேலை என்றால் அங்கு வயல்வெளி வேலை. அம்மக்கள் மலையேறியபோது அச்சொல்லும் உடன் ஏறித் தேயிலைக் காடு ஆயிற்று. மரங்களை வீழ்த்தி உண்டாக்கிய தோட்டத்திற்கும், வீழ்த்தப்படாமல் எஞ்சிய சோலைக்கும் தொழிலாளர் வாயில் பெயர் ஒன்றே.

நாவலின் வலிமை செய்தியில், அதாவது உழைப்பில், இருக்கின்றது. கூலி, கடன், நோய், சாவு ஆகியவற்றை இத்துணைத் துல்லியமாகப் பதிவுசெய்த புனைவு இம்மலைக்கு வேறில்லை எனலாம். ஆயினும் அதில் காடு பெரும்பாலும் பகையாகவே நிற்கின்றது. கொல்லும் குளிரும் குடிக்கும் அட்டையும் காட்டின் முகங்கள். அக்காடு அழிந்தது ஓர் இழப்பு என்ற உணர்வு கதைமாந்தருக்கு எழவில்லை. எழவேண்டும் என எதிர்பார்ப்பதும் முறையன்று. அடிமைப்பட்டவன் கையில் கோடரியைக் கொடுத்தவர் யார் என்பதே அங்குள்ள வினா.

ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ (‘அறம்’ தொகுப்பு, 2011) மறுகரையில் நிற்கின்றது. தமிழ்நாடு வனத்துறையின் கால்நடை மருத்துவர் வி.கிருஷ்ணமூர்த்தியை மையமாகக் கொண்ட இக்கதை, டாப்சிலிப் காட்டை வன அலுவலர் ஒருவரின் கண்வழிக் காட்டுகின்றது. அழுகிய யானையுடலின் புழுக்களைக் கண்டு அருவருக்கும் அவ்வலுவலர், அப்புழுவையும் ஓர் உயிரின் குழந்தையாகக் காணும் நிலைக்கு வளர்வது கதையின் உயரிய பகுதி. உயிர்ச்சங்கிலி என்பதைப் பாடமாகச் சொல்லாமல் உடலுணர்வாக மாற்றிய இடம் அது. இக்கதை படித்தபின் காட்டில் பாட்டில் எறியக் கூசிய வாசகர் எத்துணையோ பேர்.

எனினும் இக்கதையில் காட்டிற்கு நேரும் தீங்கு உடைந்த மதுப்புட்டியின் வடிவில் வருகின்றது. அதாவது, தீங்கு தனிமனித ஒழுக்கக் கேடாகச் சுருங்குகின்றது. டாப்சிலிப் என்னும் பெயரே வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்டதால் வந்தது. பரம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கிய கொச்சி வனத் டிராம்வே 1907 முதல் 1963 வரை இருந்தது. பின்னர் அணைகள் வந்தன. வெட்டிய தேக்கின் அடிமரத்தை விட்டுவைத்து மறுதளிர்ப்பு முறையால் காட்டை மீட்க முயன்ற வன அலுவலர் ஹியூகோ உட் இங்கேயே அடக்கம் செய்யப்பெற்றார். இவ்வரலாற்றின் முன் புட்டி மிகச் சிறியது. பெருங்கேட்டைச் சிறுபொருளில் காட்டுதல் சிறுகதையின் இயல்பு என்பர். அஃது உண்மையே, ஆனால் இங்குச் சிறுபொருள் பெருங்கேட்டைச் சுட்டாமல் மறைத்துவிடுகின்றது.

ஒரு படைப்பு செய்தியை மட்டும் காண, மற்றொன்று விலங்கை மட்டும் காண்கின்றது. காட்டு யானைக்கு இவ்வேறுபாடு இல்லை. வால்பாறையில் யானைகள் தேயிலை வழியாகவே ஒரு சோலைத் துண்டிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கின்றன. அங்கு இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் 2011 முதல் யானைகளின் இருப்பிடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் தொழிலாளர்க்கு முன்னறிவித்து வருகின்றனர். காட்டின் இரு பொருளையும் ஒருசேரப் படித்ததால் விளைந்த மேலாண்மை இது. அவ்வாறு படிக்காததன் விளைவுக்கு இடுக்கியில் சான்று உண்டு. இரவிகுளத்தை ஒட்டிய பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவில் சரிந்த மலை, தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்கள் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். வரையாட்டிற்குத் தேசியப் பூங்கா உண்டு. அதன் விளிம்பில் வாழ்ந்தவர்க்கு ஓடையோரத்து வரிசை வீடுகளே இருந்தன.

இரு புனைவுகளிலும் மையத்திற்கு வராதவர்கள் காடர், மலைமலசர், முதுவர் முதலிய குடியினர். பரம்பிக்குளத்தை அடுத்த வாழச்சாலில், இருவாச்சிக் குஞ்சுகளை ஒருகாலத்தில் எடுத்துவந்த காடர்களே 2000களின் நடுப்பகுதி முதல் அப்பறவையின் கூடுகளைக் காத்துவருகின்றனர். எந்த மரப்பொந்தில் கூடு உண்டு என்ற அறிவு மாறவில்லை, தொழில் மாறியது. திணையிலக்கணம் ‘செய்தி’ என்று சொன்னதற்கு இதனினும் பொருத்தமான இக்காலச் சான்று கிடைத்தல் அரிது. மலையேறி வந்த கூலியின் கதையும் அலுவலரின் கதையும் எழுதப்பட்டுவிட்டன. வால்பாறை அருகே கல்லார்குடிக் காடர்கள் 2019ஆம் ஆண்டு மழையில் மண்சரிந்து ஊரிழந்தனர். பாதுகாப்பான மேட்டு நிலமாகிய தெப்பக்குளமேட்டைக் கேட்டு நெடுநாள் போராடி 2021இல்தான் பட்டா பெற்றனர். வன உரிமைச் சட்டம் இயற்றப்பெற்ற ஆண்டோ 2006. இப்போராட்டம் நாவலாகும்போது அதைக் காடர் ஒருவர் எழுதுவாராயின், காடு என்னும் சொல்லுக்கு இவ்விரு படைப்புகளும் அறியாத மூன்றாவது பொருள் ஒன்று தமிழுக்குக் கிடைக்கக்கூடும்.