சாய்னோவிச்சின் மொழியொப்பீடு

ஹங்கேரிய மொழியின் இனம் யாது என்னும் ஆராய்ச்சிக்கு வானநூற் பயணம் ஒன்று வழிகோலியது வியப்பே. 1769இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதை நோக்க, மாக்சிமிலியன் ஹெல் என்பாருடன் நார்வேயின் வடகோடிக்குச் சென்ற சேசு சபைத் துறவி யானோஷ் சாய்னோவிச், லாப்பியர் என அந்நாளில் அழைக்கப்பெற்ற சாமி மக்களின் மொழியைத் தம் தாய்மொழியோடு ஒப்பிட்டார். 1770இல் கோபன்ஹேகன் அறிஞரவையில் தம் முடிபைப் படித்தார். நூலும் அவ்வாண்டே ஆங்கு அச்சேறிற்று.

இரு மொழியும் ஒன்றே என்பது அந்நூலின் தலைப்பு. இது மிகைக் கூற்று என்றே கருதுகிறோம். உறவு வேறு, ஒருமை வேறு. ஆயின், ஹங்கேரியருள் பலர் மறுத்தது மிகையை அன்று, உறவையே. ஹூணர் வழியினர் எனப் பெருமிதங்கொண்டோர் இதனை மீன்நாற்ற உறவு என எள்ளினர். எள்ளல் மறுப்பாகாது.

1799இல் ஜார்மதி, சொற்களோடு அமையாது இலக்கணக் கூறுகளையும் ஒப்பிட்டார். இவர் நூலே உறுதி மிக்கது. பிற்றைநாள் அறிஞர் கண்ட ஒலிநெறி ஐயத்தை அகற்றியது: பின்னுயிர்க்கு முன் பின்னிய மொழியில் நிற்கும் ககரம் ஹங்கேரியத்தில் ஹகரமாகும். மீனைக் குறிக்கும் 'கலா', 'ஹல்' என்றும், மூன்றைக் குறிக்கும் 'கோல்மே', 'ஹாரொம்' என்றும் வருதல் காண்க. கன்னடக் 'கிவி' தமிழிற் 'செவி' ஆதலிலும் அடுத்துள்ள உயிரே மெய்யை ஆள்கின்றதன்றோ!

1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு இணைத்தபோது, பின்னியமும் ஹங்கேரியமும் அவ்வினத்துள் அடங்கின. அவர் காட்டிய ஒட்டுநிலை ஒப்புமை மெய்யே. இத்தகைய ஒலிநெறியோ இன்றளவும் நிறுவப்பெறவில்லை.