‘டெவ் மெம்’ என்னும் சாளரம்: ஒரு மதிப்பீடு

லினக்ஸ் பணிசெயல் முறைமையிலே ‘டெவ் மெம்’ என்றொரு கோப்பு உண்டு. கணனியின் பௌதிக முகவரிகளை நோக்கித் திறக்கும் சாளரம் அது. ‘எம்மாப்’ அழைப்பினால் அதன் ஒரு பகுதியைத் தன் முகவரிவெளியிற் பொருத்திக்கொள்ளும் பயனர் செய்நிரல், வன்பொருளின் பதிவகங்களிலே கருவின் இடையீடின்றி நேரே எழுதலாம். இதனை வேகமென்றும் சுதந்திரமென்றும் போற்றுவர். வேகம் மெய்யே, ஒவ்வொரு முறையும் கருவை அழைக்கும் செலவு இல்லை. சுதந்திரம் என்பதே ஆராய்தற்குரியது.

2012 இல் வெளிவந்த ராஸ்பெரி பை பலகையில், வெளிமுனைகளை ஆளும் பதிவகங்கள் பதினாறடி எண்முறையில் 20200000 என்னும் முகவரியில் தொடங்கின. பலர் இவ்வெண்ணைத் தம் செய்நிரல்களில் அப்படியே பொறித்தனர். 2015 இல் வந்த பை 2 இலோ அப்பதிவகங்கள் 3எஃப்200000 இற்கு இடம்பெயர்ந்தன. பழைய முகவரி வெற்றிடமாயும் இருக்கவில்லை. 1 ஜிகாபைட் கொண்ட புதிய பலகையில் அது சாதாரண நினைவகத்தினுள் வீழ்ந்தது. தடுப்பில்லாத கருவில் பழைய செய்நிரலை இயக்கினால் விளக்கு எரியாது. வேறெவருடையதோ தரவு சிதையும். வன்பொருளை நேரே ஆள்வதாகக் கருதியவர், உண்மையில் ஓர் எண்ணுக்கு அடிமைப்பட்டிருந்தார்.

அதே ஆண்டில் ராஸ்பியனில் வந்த ‘ஜிபிஐஓமெம்’ சாளரத்தைக் குறுக்கியது. முனைப் பதிவகங்கள் மட்டுமே அதில் தெரியும். முழு நிருவாக அதிகாரமும் வேண்டியதில்லை. நல்ல திருத்தம்தான். ஆயினும் அது காத்தது நினைவகத்தையேயன்றி முனைகளையன்று. முனையை உயர்த்தவும் தாழ்த்தவும் இச்சில்லிலே தனித்தனிப் பதிவகங்கள் உள்ளன. வேண்டிய பிட்டில் மட்டும் 1 எழுதினாற் போதும், அயல்முனை தீண்டப்படாது. சில்லை வகுத்தோரின் நுண்ணறிவு இது. முனையின் தொழிலைத் தெரியும் பதிவகத்திலோ முனைக்கு 3 பிட்டாக 10 முனைகள் அடங்குகின்றன. அதனை வாசித்து, மாற்றி, மீள எழுதவேண்டும். இரு செய்நிரல்கள் ஒரே கணத்தில் இதனைச் செய்யின், பிந்தி எழுதியது முந்தியதன் மாற்றத்தை அழித்துவிடும். கரு இதனை அறியாது, அறிய வழியுமில்லை.

லினக்ஸ் 4.8 (2016) முதல் உள்ள முனைச்சாதன இடைமுகம் இங்கேதான் மேம்படுகிறது. செய்நிரல் முனையைக் கேட்டுப் பெறவேண்டும். ஒருவர் கையிலுள்ளதை மற்றவர் கேட்டால் மறுப்பே கிடைக்கும். வேகம் குறையும் என்பது இதன்மீதுள்ள நியாயமான குறை. மிக விரைவான துடிப்புகளை எழுப்பவேண்டியவர் இன்னும் பதிவகத்தையே நாடுவர். அங்கே அப்பலகையை அவருடைய செய்நிரல் ஒன்றிற்கே ஒதுக்கிவிடுதல் வேண்டும்.