ஊதுவதும் உறிஞ்சுவதும்

திருவிழாக் கடையில் விற்கும் தகரப் படகைப் போல என்னை மயக்கிய பொம்மை வேறில்லை. உள்ளங்கை நீளம் இருக்கும். பச்சையோ சிவப்போ ஒரு பூச்சு, அதுவும் ஓரங்களில் உரிந்திருக்கும். உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவுக்குத் தகர அறை ஒன்று. அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் படகின் பின்பக்கம் வந்து தண்ணீருக்குள் வாய் திறக்கும். குழாய் வழியே தண்ணீரை நிரப்பி, எண்ணெய்த் திரியைக் கொளுத்தி அறைக்கு அடியில் தள்ளிவிட்டுக் காத்திருந்தால், அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு திடீரென்று டகடகவென்று சத்தம் போட்டுக்கொண்டு அண்டாவைச் சுற்ற ஆரம்பிக்கும். பிஸ்டன் இல்லை, பல்சக்கரம் இல்லை. இதற்குத் தாமஸ் பியோ என்பவர் 1891இல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கியிருக்கிறார். சுசீந்திரம் தேர்க்கடையில் என் அப்பா அதை வாங்கித் தந்தபோது அது உள்ளூர்ச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தப் படகு ஏன் முன்னால் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் வெகுகாலம் கேட்கவில்லை. அறைக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குழாய்த் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. உடனே ஆவி குளிர்ந்து சுருங்க, தள்ளிய அதே அளவு தண்ணீர் உள்ளே திரும்புகிறது. தள்ளியதும் இழுத்ததும் சமம் என்றால் படகு ஒரு விரற்கடை முன்னும் ஒரு விரற்கடை பின்னும் ஆடிக்கொண்டு நின்ற இடத்திலேயே அல்லவா நிற்க வேண்டும்?

பதில் நம் வாயிலேயே இருக்கிறது. மெழுகுவர்த்தியை ஒரு முழ தூரத்தில் வைத்து ஊதினால் அணைகிறது. அதே தூரத்தில் இருந்துகொண்டு எவ்வளவு பலமாகக் காற்றை உறிஞ்சினாலும் சுடர் அசைவதுகூட இல்லை. (விளக்கை வாயால் ஊதி அணைத்தால் ஆச்சி தலையில் குட்டுவாள். உறிஞ்சுவதற்கு எதிராக அவளிடம் சட்டம் எதுவும் இல்லை.) ஊதும்போது காற்று ஒரே திசையில் கட்டாகப் போகிறது. உறிஞ்சும்போது வாயைச் சுற்றி நாலா பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்கிறது. படகின் குழாயும் அப்படித்தான், பின்னால் பீய்ச்சி அடிக்கிறது, சுற்றிலுமிருந்து உறிஞ்சுகிறது. அந்த வித்தியாசத்தில்தான் படகு ஓடுகிறது.

இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக்கொண்டு விழிஞ்ஞத்துப் பிள்ளைகளிடம் நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

கோவளத்துக்குத் தெற்கே ஒட்டினாற்போல் இருக்கிறது விழிஞ்ஞம். ஆய் மன்னர்களின் துறைமுகம். பாண்டியரும் சோழரும் மாறி மாறி வந்து அடித்த ஊர். ‘கலிங்கத்துப்பரணி’யில்கூட இதன் பெயர் வருகிறது. இப்போது பெயர் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது புதுத் துறைமுகம்தான். 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது, 2025 மே மாதம் முறைப்படி திறந்தார்கள். மீன்பிடித் துறைமுகத்தின் படிக்கட்டில் நின்று பார்த்தால் அந்தப் பக்கம் பளு தூக்கிகள் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். எனக்கு அந்த ஊர்மேல் ஆசை வந்ததற்குக் காரணம் அதற்கெல்லாம் முந்தைய வேறொரு பொறி.

1991இல் சென்னை ஐஐடிக்காரர்கள் மீன்பிடித் துறைமுகத்தின் ‘புலிமுட்டு’க்கு, அதாவது அலைதடுப்புச் சுவருக்கு, வெளியே சுமார் பத்து மீட்டர் ஆழத்தில் பெரியதொரு கான்கிரீட் பெட்டியை உட்காரவைத்து அலையிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். திறன் 150 கிலோவாட். பெட்டியின் முன்சுவரில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு வாசல். அலை ஏறினால் பெட்டிக்குள்ளும் தண்ணீர் ஏறும், மேலே அடைபட்ட காற்று ஒரே ஒரு வழியாக வெளியே பாயும். அலை இறங்கினால் அதே வழியாகக் காற்று உள்ளே வரும். அந்த வழியில் ஒரு விசிறி. அவ்வளவுதான். பிற்காலத்தில் அந்த மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். நிலையம் ஓய்ந்து பல வருஷங்கள் ஆகின்றன. வரைபடத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, இது தகரப் படகின் அண்ணன் அல்லவா என்பதுதான். இங்கேயும் ஒரு அறை, ஒரு குழாய், ஒரு தள்ளல், ஒரு இழுப்பு.

அங்கே ஒரு வாசகசாலையில் நண்பர் ஒருவர் விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து எதையாவது செய்யச் சொல்வார். கேரளத்துக்கு இது புதிதல்ல. சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் தொடங்கியது, பிள்ளைகளுக்கான ‘யுரீக்கா’ இதழ் 1970இலிருந்து வருகிறது. நம் பக்கம் அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987இல் வந்தது. நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்தால் காலைக்குள் போய்விடலாம். பிள்ளைகள் பேசுவது மலையாளம். ஆனால் அது கடற்கரை மலையாளம், எங்கள் குமரிக் காதுக்குப் பாதி தமிழாகவே விழும். “மாமா, இன்னைக்கு எந்தா?” என்று சூழ்ந்துகொண்டார்கள். நான் பையிலிருந்து எடுத்தது இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டில்கள் நாலு, காலியான பேனா ரீஃபில், தென்னை ஈர்க்கு, பழைய கல்யாணப் பத்திரிகை, ஒரு பிளேடு.

பொருள்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்கான அறிவியல் கிட் என்று இப்போது பெட்டி பெட்டியாக வருகிறது. எல்லாத் துண்டும் அச்சில் வெட்டியிருக்கும், எண் போட்டிருக்கும். ஒன்றை ஒன்றில் செருகினால் ஊசி மருந்துக் குழாயில் ஓடும் ஜேசிபி தயார். பார்க்க அழகுதான். ஆனால் அதில் தவறு செய்ய இடமில்லை. தவறே நடக்காத ஒன்றைச் செய்து முடித்த பிள்ளைக்கு, அது ஏன் ஓடுகிறது என்று கேட்கத் தோன்றாது. அரவிந்த் குப்தாவின் பொம்மைகளை நான் கொண்டாடுவது இதனால்தான். கான்பூர் ஐஐடியில் படித்து டெல்கோவில் வேலை பார்த்தவர், 1978இல் ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். வாரச் சந்தையில் கண்ணில் பட்ட சைக்கிள் வால்டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, தீக்குச்சிகளை இரண்டு பக்கமும் செருகினார். மூன்று குச்சி சேர்ந்தால் முக்கோணம், அசைத்தால் அசையாது. நாலு குச்சி சேர்ந்தால் சதுரம், தொட்டால் சாய்ந்துவிடும். பாலத்தில் ஏன் முக்கோணம் முக்கோணமாகக் கம்பி போகிறது என்பதை அந்தச் சாய்ந்து விழும் சதுரம் சொல்லிவிடுகிறது. விழாத பொம்மையில் எனக்கு ருசியில்லை.

சரி, பாட்டிலுக்கு வருவோம். அடியை வெட்டி எறிந்துவிட்டு மூடியைக் கழற்றினால் அதுதான் ஐஐடியின் கான்கிரீட் பெட்டி. கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டம் வெட்டி, ஆறு கீறல் போட்டு, இதழ்களைச் சாய்த்துத் திருகினால் விசிறி. நடுவில் துண்டு ரீஃபில், அதற்குள் ஈர்க்கு. ரீஃபிலின் உள்வாயில் கொஞ்சம் மை ஒட்டியிருந்தாலும் விசிறி முரண்டு பிடிக்கும். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தோம், இன்னும் மோசமாகியது. ஈர்க்கைப் பிளேடால் சுரண்டி வழவழப்பாக்கியதும் சுற்றியது. இந்தச் சுரண்டலில் கால் மணி நேரம் போயிற்று. ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை.

விசிறியைப் பாட்டில் வாய்க்கு மேலே நிறுத்த ஒரு கம்பி தேவைப்பட்டது. ஒட்டு டேப் ஈரத்தில் பிடிக்கவில்லை. பத்து வயதிருக்கும் ஒரு பையன் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, கழுத்தில் வலை நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, ஏதோ ஒரு முடிச்சுப் போட்டு இழுத்தான். கம்பி அசையவில்லை. எப்படிப் போட்டாய் என்று கேட்டால் விரலால் மறுபடி செய்து காட்டுகிறானே தவிர, வாயால் சொல்ல வரவில்லை. கட்டுமரம் கட்டி வாழ்ந்த ஊர் அல்லவா. நம் ‘கட்டுமரம்’ ஆங்கிலத்துக்குப் போய் ‘கட்டமரான்’ ஆகி, இன்று உலகம் முழுக்க இரட்டை உடல் படகைக் குறிக்கிறது. கட்டு என்கிற பாதி மட்டும் வழியில் தொலைந்துவிட்டது.

வாளித் தண்ணீரில் பாட்டிலை அமுக்கினோம். விசிறி சர்ரென்று சுற்றியது. தூக்கினோம். சும்மா நின்றது. அமுக்கினால் சுற்றுகிறது, தூக்கினால் நிற்கிறது. “மாமா, உள்ள போற காத்து எங்க?” என்றாள் ஒரு சிறுமி. நான் எதிர்பார்த்திருந்த இடம் இதுதான். மெழுகுவர்த்தி கையிலேயே இருந்தது. ஊதச் சொன்னேன், உறிஞ்சச் சொன்னேன். எட்டுப் பிள்ளைகள் கன்னம் ஒட்ட உறிஞ்சியும் சுடர் அணையாததைக் கண்டு அவர்களுக்கு வந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

பதிலை அந்தச் சிறுமியே செய்தாள். விசிறியை வெளியே வைத்ததுதான் பிசகு. இன்னொரு பாட்டிலின் கழுத்தை வெட்டி முதல் பாட்டில் வாயில் தலைகீழாகப் பொருத்தி, விசிறியை இரண்டு கழுத்துக்கும் நடுவே சிறைவைத்தாள். நாலா பக்கமும் சிதறி வந்த காற்றுக்கு இப்போது அந்த ஒரு வழிதான். தூக்கினாலும் சுற்றியது, ஆனால் எதிர்ப்பக்கம். பொறியியல் கல்லூரியில் படித்தும் எனக்கு இது மூன்றாவது வருஷத்தில்தான் புரிந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இடமும் வலமும் மாறி மாறிச் சுற்றும் விசிறியால் மின்சாரம் எடுப்பது வீண்வேலை. ஒவ்வொரு அலைக்கும் நின்று திரும்ப வேண்டும். முடிச்சுக்காரப் பையன் சைக்கிள் பம்பு வாஷரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். காற்று ஒரு பக்கம் மட்டும் போகிற மாதிரி வாய் வைத்தால் போதுமே என்றான். அது சரியான யோசனை. ஜப்பானில் யோஷியோ மசுதா அலையில் எரியும் வழிகாட்டி மிதவைகளை அப்படி வால்வு வைத்துத்தான் செய்தார், 1960களிலேயே அவை கடலில் மிதந்தன. ஆனால் பெரிய நிலையத்தில் உப்புக் காற்றில் வருஷம் முழுவதும் ஓயாமல் அடித்துக்கொள்ளும் வால்வுகளை யார் பராமரிப்பது?

விழிஞ்ஞத்தில் இருந்தது இரண்டு மீட்டர் விட்டமுள்ள வெல்ஸ் விசிறி. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலன் வெல்ஸ் 1970களின் பிற்பகுதியில் கண்டுபிடித்தது. அழகான பொருள். அதன் இதழ்கள் சாய்ந்திருக்காது, திருகியிருக்காது. சுற்றும் தளத்திலேயே தட்டையாகப் படுத்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்பி, முன்னால் மொழுக்கென்றும் பின்னால் கூர்மையாகவும், மீனை மேலிருந்து பார்த்தாற்போல் இருக்கும். காற்று கீழிருந்து வந்தாலும் மேலிருந்து வந்தாலும் தலை இருக்கும் பக்கமே சுற்றும். வால்வு இல்லை, திருப்பம் இல்லை. இவ்வளவு புத்திசாலியான ஒன்றுக்கு ஒரு குறை இருக்காமல் இருக்குமா? நின்ற நிலையிலிருந்து தானாகக் கிளம்ப மகா சோம்பேறி. பலமான காற்று அடித்தால் திணறும்.

செருப்பு அட்டையில் மீன் வடிவ இதழ்கள் வெட்டி நாங்கள் செய்த வெல்ஸ் விசிறி சுற்றவே இல்லை. கையால் சுண்டிவிட்டால் நாலு சுற்று ஓடி நின்றது. அட்டையில் அந்த உப்பல் வரவில்லை. தோற்றுப்போன அந்த விசிறியைப் பிள்ளைகள் எறியவில்லை, ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள். விழிஞ்ஞத்தில் எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை ஒன்று இருக்கிறது. கருவறையில் வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் இருபுறமும் இருக்கும் உருவங்களைச் சிற்பி முடிக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். முடிந்த சிற்பத்தில் தெய்வம் தெரியும், அந்தப் பாதிச் சிற்பத்தில் உளி எங்கே தொடங்கி எப்படி இறங்கியது என்பது தெரியும். நான் போகும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறேன்.

சாயங்காலம் பாட்டிலை எடுத்துக்கொண்டு துறைமுகப் படிக்குப் போனோம். நண்பரும் இரண்டு பெற்றோரும் கூட வந்தார்கள். அலை அடங்கிய உள்பக்கம்தான், இருந்தாலும் தண்ணீர் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலைப் படிக்கல்லோடு சேர்த்து வலை நூலால் கட்டினோம். முதல் நீரேற்றத்திலேயே தண்ணீர் தெறித்து விசிறி நனைந்து, கல்யாணப் பத்திரிகை துவண்டுபோயிற்று. முடிச்சுக்காரப் பையன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, திறந்த பாட்டில் வாயில் உள்ளங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தள்ளுகிறது என்றான். இழுக்கிறது என்றான். சிறுமி என் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொள்ள, அவன் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். நிமிடத்துக்கு ஆறு. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார்கள். ஆறுதான். அடுத்தவன் தன் கையை வைக்க இடம் கேட்டு முதுகில் இடித்துக்கொண்டிருந்தான்.