அடுப்பு யார் பத்த வைக்கிறது? பெண்கள் வாத்தியக் குழுக்கள் பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் புதூர்நாட்டில் ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தா வாங்கி, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்தபின் ஒரு பெண் செல்போனில் வீடியோ ஒன்றைக் காட்டினார். பீகாரில் பாட்னாவை ஒட்டிய தானாப்பூர் பக்கம், திப்ரா என்ற கிராமத்துப் பெண்கள் கழுத்தில் டிரம் மாட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். "நாமளும் ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?" என்று ஒரு குரல். மூலையில் இருந்த பாட்டி கேட்டார்: "அது சரி, இவளுங்க கொட்டடிக்கப் போனா வீட்ல அடுப்பு யாரு பத்த வைக்கிறது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை. ஏனென்றால், பெண்கள் வாத்தியக் குழுக்களைப் பற்றி நாம் எழுதுவதில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு முன்பே நின்றுவிடுகிறது. "முதன்முறையாக" என்ற சொல் வரும், ஒரு படம் வரும், கட்டுரை முடிந்துவிடும். 2024 குடியரசு தின அணிவகுப்பை நூறு பெண்கள் சங்கு, நாதஸ்வரம், நகாரா வாசித்துத் தொடங்கிவைத்தார்கள். அன்றைய செய்தியும் முதன்முறை என்பதுதான். அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று யாராவது எழுதினார்களா?

திப்ரா குழுவுக்கு நாரி குஞ்சன் சர்கம் மகிளா பேண்டு என்று பெயர். பத்துப் பேர், தலித் பெண்கள், கூலி வேலை செய்தவர்கள். 2006-இல் பத்மஸ்ரீ பெற்ற சுதா வர்கீஸின் நாரி குஞ்சன் அமைப்பின் துணையோடு உருவான குழு. ஊர் முதலில் சிரித்தது, பிறகு கல்யாணத்துக்குக் கூப்பிட்டது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று: அவர்கள் பிடித்தது தாள வாத்தியத்தை. டிரம்பெட், கிளாரினெட் உள்ள பேண்டில் மெட்டு வாசிப்பவர் ஒருவர் வராவிட்டால் அன்றைக்குப் பாட்டே இல்லை. ரீடு வாங்கணும், ரிப்பேருக்கு டவுனுக்கு ஓடணும். பத்து டிரம்மில் ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்டாலும் ஒன்பது பேர் சமாளிக்கலாம். யோசித்துச் செய்தார்களோ தானாக அமைந்ததோ, குழு நிலைப்பதற்கு இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்து உதாரணம் திண்டுக்கல் சக்தி கலைக்குழு. சகோதரி சந்திரா முன்னின்று நடத்தும் மையம். தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்றுத் தருகிறார்கள், கூடவே தையல் போன்ற தொழிலும். இதைப் பற்றி இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார். கலையையும் பிழைப்பையும் பிரிக்காமல் பார்ப்பது இந்த மாதிரியின் பலம். ஆனால் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் பேசுவதில்லை. திண்டுக்கல்லில் மையம் நிற்கிறது, பெண்கள் மாறி மாறி வருகிறார்கள். திப்ராவில் அதே ஊரில் வாழும் அதே பெண்கள்தான் குழு. முதல் வகையில், கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு பறையும் புகுந்த வீட்டுக்குப் போகுமா என்பது கேள்வி. இரண்டாவது வகையில், இந்தப் பத்துப் பேருக்கு வயதானபின் யார் என்பது கேள்வி.

நிறுத்துவது எது என்பதற்கு மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. நாதஸ்வரத்தில் பெயர் பெற்ற முன்னோடிப் பெண் அவர். கணவர் இறந்தபின் வாசிப்பை விட்டார். மங்கல வாத்தியத்தை விதவை வாசிக்கக் கூடாதாம். மூச்சும் விரலும் அப்படியேதான் இருந்தன. தனி ஆளாக நின்றவரை ஊர் வழக்கம் சுலபமாக உட்கார வைத்துவிட்டது. பின்னால் இருபது பெண்கள் கொண்ட குழு இருந்திருந்தால் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே என்மேலும் ஒரு குறை உண்டு. அந்த வீடியோவில் ஓரிடத்தில் அடி முன்னபின்ன ஆகிறது. எனக்குக் கேட்டது, ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. பாவம், பெண்கள், இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு என்று விட்டுவிட்டேன். இந்தப் 'பாவம்'தான் ஆபத்து. ஆண்கள் பேண்டு செட்டு தாளம் தப்பினால் கல்யாண வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார், அடுத்த தடவை கூப்பிடவும் மாட்டார். பெண்கள் குழுவுக்குக் கைதட்டிவிட்டு, அடுத்த தடவை கூப்பிடாமல் மட்டும் இருந்துவிடுகிறோம். திருத்தச் சொல்லாத கைதட்டலில் எந்தக் குழுவும் மூன்றாம் வருஷத்தைப் பார்க்காது.

புதூர்நாட்டுக்கு வருவோம். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழு முறை இந்த மலைவரை வேர்விட்டிருக்கிறது. நோட்டு, சந்தா, சுழற்சிப் பொறுப்பு எல்லாம் பெண்களுக்குப் பழக்கம். கணக்கைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, நேரத்தைப் பற்றித்தான் கவலை. ஆடியில் ஊருக்கு ஊர் அம்மன் திருவிழா, கொட்டுக்குக் கிராக்கி. அதே ஆடியில்தான் விதைப்பும். கீழே திருப்பத்தூர் போய் வாசித்தால் ராத்திரி மலையேற வண்டி வேணும். பனிக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும், நெருப்பில் காட்டிக் காட்டித்தான் அடிக்கணும். எந்த வாத்தியம் என்பதும் லேசான கேள்வி இல்லை. மேளமா, பறையா, டிரம்மா என்று பேச ஆரம்பித்தாலே எந்தத் தோலை யார் தொடுவது என்ற சாதிக் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் பேசாமல் வாத்தியம் வாங்கினால் அது மூலையில் கிடக்கும்.

அன்று கடைசியில் எதுவும் முடிவாகவில்லை. பாட்டியின் கேள்வியை மட்டும் நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். கீழே ஒரு பெண் பென்சிலால் சேர்த்திருந்தார்: "வாரம் ஒரு நாள் சாயங்காலம், மூணு வீட்டுக்கு ஒரே அடுப்பு. சமைக்கிறது முறை வச்சு." வாத்தியம் இன்னும் வாங்கவில்லை. ஆனால் நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லாத ஒரு வரி அது.